ஃபார்மேட் போட்ட பிறகு ஏறிய பாட்டுகள்

மூடி தொலைந்து, ஓட்டையில் கறுப்புக் கயிறு கோத்த பழைய பென் டிரைவ் போடிநாயக்கனூரில் பல வீடுகளின் மேசை இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது. பக்கத்தில் ரேஷன் கார்டு நகல், சார்ஜ் தீர்ந்த பேட்டரி, எப்போதோ சிந்திய நாலைந்து ஏலக்காய். அதை எடுத்துத் துடைத்து மேசைக் கணினியில் செருகினால் பல நேரம் பாட்டும் வராது, படமும் வராது. ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்தாக வேண்டும், செய்யட்டுமா என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள். அவற்றில் ஃபார்மேட் என்ற பொத்தான்தான் பளிச்சென்று தெரியும். என்டர் விசையில் கை பட்டாலே போதும். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் பழக்கம்: "போட்டுவிடு, சரியாகிவிடும்." பென் டிரைவ் ஓடாவிட்டால் ஃபார்மேட், வைரஸ் என்றால் ஃபார்மேட், இடம் போதாவிட்டால் ஃபார்மேட், அடுத்தவருக்குக் கொடுக்கும் முன்பும் ஃபார்மேட். பென் டிரைவ் காலத்தில் தொலைந்த கல்யாணப் படங்களுக்கும் குழந்தைகளின் பேச்சுக்கும் அந்தப் பொத்தானைத்தான் இன்றும் குறை சொல்கிறோம். என் கட்சி வேறு. அவற்றில் பெரும்பாலானவை பொத்தானை அழுத்தியதால் அழியவில்லை. அழுத்திய அடுத்த அரை மணி நேரத்தில் நாம் செய்த காரியத்தால் அழிந்தன.

அந்தக் காரியம் என்ன என்று புரிய, பென் டிரைவ் எதற்காக இந்த மலையடிவாரத்துக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். அது கோப்பு சுமக்க வரவில்லை, பாட்டு சுமக்க வந்தது. விடியும் முன்பே ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஏறி அமர, ஜீப்புகள் போடியிலிருந்து புறப்பட்டு 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை என்று தோட்டங்களுக்குள் பிரியும். சாயங்காலம் அதே வழியில் இறங்கும். அந்தப் பயணத்துக்குப் பாட்டு வேண்டும். இளையராஜாவின் பண்ணைப்புரம் இதே மாவட்டத்தில் இருக்கும்போது வேறு யார் பாட்டு ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் கேசட் ஓடியது. மலையின் ஈரத்தில் நாடா ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். பிறகு எம்பி3 சிடி வந்தது. ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு அடங்கியது என்று ஊரே வியந்தது. ஆனால் குண்டுக்கும் குழிக்கும் வளைவுக்கும் அதன் லென்ஸ் தாங்கவில்லை. சரணம் பாதியில் நிற்கும், பல்லவி இரண்டு முறை வரும். பென் டிரைவுக்குள் சுழலும் பாகமோ நகரும் பாகமோ கிடையாது. ஜீப் எத்தனை குலுக்கினாலும் பாட்டு அசையாது. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனமும் அமெரிக்காவில் ஐபிஎம்மும் அலுவலகக் கோப்புகளுக்காக விற்கத் தொடங்கிய பொருள், பத்தாண்டுக்குள் ஏல மலையில் பாட்டுப் பெட்டியாகிவிட்டதற்கு இதுதான் காரணம்.

பாட்டு ஏற்றித் தரும் கடைகள் அப்படித்தான் முளைத்தன. செல்போன் ரீசார்ஜ் கடையின் மூலையில் ஒரு மேசைக் கணினி, கண்ணாடியில் "மெமரி கார்டு, பென் டிரைவில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று ஒட்டிய தாள். பத்து இருபது ரூபாய் கொடுத்தால் டிரைவ் நிரம்பும். ஒரு தலைமுறைக்கு முன் கேசட் பதிவுக் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தவர்களுக்கு இது மாயம். காப்புரிமைச் சட்டப்படி அந்தத் தொழிலே செல்லாது என்பதை அன்று யாரும் பேசவில்லை, கடைக்காரரும் பேசவில்லை. பேச்சு சுருக்கமாக முடியும். "அண்ணே, இதுல பழசு நிறையக் கெடக்கு, ஃபார்மேட் போட்டு ஏத்தவா?" "போடு தம்பி, ஜீப்பு கெளம்பப் போகுது." பழையது என்றால் பழைய பாட்டு என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள். அதே டிரைவில், தங்கச்சி வளைகாப்பன்று யாரோ கணினியிலிருந்து மாற்றி வைத்த முப்பது படங்களும் இருக்கலாம் என்பது பேச்சில் வராது.

ஃபார்மேட் என்றால் முழு அழிவு என்று நம்பியதில் மக்கள் மேல் பழி சொல்ல முடியாது. அதற்கு முன் அவர்கள் கையாண்ட எல்லாப் பொருளும் அப்படித்தான் நடந்துகொண்டது. கேசட்டில் மேலே பதிவு செய்தால், பதியும் தலைக்கு முன்னால் இருக்கும் அழிக்கும் தலை நாடாவைத் துடைத்துக்கொண்டே போகும். போன பாட்டு போனதுதான். அதனால்தான் வேண்டிய கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்து வைத்தார்கள். மனம் மாறினால் அந்தக் குழிமேல் செலோ டேப் ஒட்டினார்கள். ஃப்ளாப்பியும் அதே குணம்தான். மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 துண்டு, துண்டுக்கு 512 பைட், இரண்டு பக்கமும் சேர்த்து 14,74,560 பைட். பழைய டாஸில் ஃபார்மேட் கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு தடத்தையும் கரகரவென்று புதிதாக எழுதிக்கொண்டே போகும். முடிந்தபின் பழைய எழுத்து ஒன்றுகூட மிஞ்சாது. ஃப்ளாப்பியின் மூலையிலும் ஒரு நகரும் பல் இருந்தது. தள்ளிவிட்டால் எழுத முடியாது. 1991இல் வந்த டாஸ் 5 முதன்முறையாக மீட்க வழி வைத்து ஃபார்மேட் செய்தது, செய்ததைத் திரும்பப் பெற ஒரு கட்டளையும் தந்தது. ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்து கம்ப்யூட்டர் சென்டராக மாறிய இடங்களில் அது பாடத்தில் வந்ததாகத் தெரியவில்லை. "ஃபார்மேட் அடிச்சா எல்லாம் போயிடும், ஜாக்கிரதை" என்பதே பாடம். ஃப்ளாப்பிக்கு அது சரி. பென் டிரைவ் வந்தபோது பொருள் மாறியது, பாடம் மாறவில்லை. பெரும்பாலான பென் டிரைவ்களில் அந்தப் பல்லும் கிடையாது.

பென் டிரைவில் விரைவு ஃபார்மேட் போடும்போது என்ன நடக்கிறது என்பதைக் கணக்கிலேயே காட்டலாம். 16 ஜிபி டிரைவை எஃப்ஏடி32 முறையில் எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் அதை 8 கேபி அறைகளாகப் பிரிக்கிறது; ஏறத்தாழ 20 லட்சம் அறைகள். எந்த அறைக்கு அடுத்து எந்த அறை என்று குறிக்கும் அட்டவணையில் அறைக்கு 4 பைட் வீதம் 8 எம்பி. சேதத்துக்குப் பயந்து அதற்கு இரண்டாவது பிரதியும் உண்டு. ஆக 16 எம்பி. விரைவு ஃபார்மேட் இந்த இரண்டு அட்டவணைகளையும் முகப்பில் உள்ள கோப்புப் பட்டியலையும் வெறுமையாக்கிவிட்டு, வேலை முடிந்தது என்கிறது. 16 ஜிபியில் 16 எம்பி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. மீதி ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கை அது தொடவே இல்லை. போடிக்காரருக்கு இதை விளங்கவைக்க ஏலக் கம்பெனிக் குடோனே போதும். தோட்டத்திலிருந்து வந்த காய் எடை போடப்பட்டு, லாட் நம்பர் இடப்பட்டு, பேரேட்டில் ஏறி, குடோனில் மூட்டையாக நிற்கிறது. யாரோ பேரேட்டின் பக்கங்களைக் கிழித்துவிட்டார்கள். மூட்டை ஒன்றும் நகரவில்லை. எது யாருடையது என்பது மட்டும்தான் தெரியாது. ஆனால் பேரேடு காலியாக இருப்பதைப் பார்த்து, குடோனும் காலி என்று நம்பிப் புதுச் சரக்கை இறக்கச் சொன்னால், பழைய மூட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் புதியதை அடுக்க முடியும். 2007இல் ஸ்பைசஸ் போர்டு போடியில் மின்னணு ஏலம் தொடங்கியபின், வாயால் விலை கேட்ட காலம் போய் ஏலம் திரைக்கு வந்துவிட்டது. அன்றும் சரி, இன்றும் சரி, பேரேட்டையும் குடோனையும் ஒன்றென்று நினைக்கிற வியாபாரி ஊரில் ஒருவர்கூட இருக்க மாட்டார். பென் டிரைவ் விஷயத்தில் மட்டும் ஊரே அப்படி நினைத்தது.

இப்போது அந்த அரை மணி நேரத்துக்கு வரலாம். ஃபார்மேட் முடிந்ததும் பாட்டு ஏறும். பாட்டுக்கு 5 எம்பி வைத்தால் 800 பாட்டுக்கு 4 ஜிபி. காலியான டிரைவில் எழுத்து பொதுவாக முன்பக்கத்திலிருந்தே நிரம்பிக்கொண்டு வரும். ஆக அந்த 4 ஜிபிக்குள் இருந்த பழைய படங்கள் உண்மையாகவே போய்விட்டன. எஞ்சிய 12 ஜிபியில் இருந்தவை அடுத்த தடவை பாட்டு ஏறும்வரை, பட்டியலில் இல்லாமலே உயிரோடு இருந்தன. ஜீப்பில் ஓடும் டிரைவுக்கு அந்த அடுத்த தடவை சீக்கிரமே வரும். புதுப்படம் வந்தால் பாட்டு மாறும், திருவிழா வந்தால் பாட்டு மாறும், ஓட்டுநர் மாறினாலும் மாறும். நாலைந்து சுற்றில் குடோன் முழுவதும் புதுச் சரக்கு. ஒருவர் ஃபார்மேட் போட்டுவிட்டு டிரைவை இழுப்பறையில் எறிந்து மறந்திருந்தால் அவருடைய படங்கள் பிழைத்தன. பொறுப்பாக எடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியவரின் படங்கள் அழிந்தன. சோம்பல் காப்பாற்றியதும் சிக்கனம் கெடுத்ததும் இந்த விஷயத்தில்தான்.

இதற்கு வரும் முதல் மறுப்பு வைரஸ். ஃபார்மேட் போடாமல் என்ன செய்வது, டிரைவ் முழுக்க வைரஸ் ஏறிக் கிடந்ததே என்பார்கள். கிடந்தது உண்மை. பிரவுசிங் சென்டர் கணினி ஒன்றில் செருகி எடுத்த டிரைவை வீட்டுக் கணினியில் செருகினால் அதுவும் படுத்துவிடும். செருகியவுடன் தானாக ஓடும் வசதியை விண்டோஸ் பென் டிரைவுக்கும் கொடுத்து வைத்திருந்ததுதான் வேர். 2009இல் விண்டோஸ் 7 வந்தபோதுதான் அந்தக் கதவு அடைபட்டது. நம் ஊர்க் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்பிக்கு 2011இல்தான் அடைத்தார்கள். ஈரானின் நதான்ஸ் அணு ஆலையையே பென் டிரைவ் வழியாக ஸ்டக்ஸ்நெட் தாக்கியதாக 2010இல் தெரியவந்தது என்றால் போடி பிரவுசிங் சென்டர் எம்மாத்திரம். ஆனால் நம்மூரில் மிகுதியாகத் திரிந்தவை என்ன செய்தன? உள்ளே இருந்த கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் கோப்புறைப் படத்தோடு ஒரு போலியை வைத்தன. "நியூ ஃபோல்டர்" என்ற பெயரில் வந்ததும் இதே வகை, ஷார்ட்கட் வைரஸ் என்று பெயரெடுத்ததும் இதே வகை. படம் ஒன்றுகூடக் கெடவில்லை. மறைந்தவை என்று ஒரு முத்திரை விழுந்தது, அவ்வளவுதான். கறுப்புத் திரையைத் திறந்து அட்ரிப் என்ற ஒற்றைக் கட்டளை கொடுத்தால் அந்த முத்திரை கழன்று எல்லாம் முன்னால் வந்து நிற்கும். மறைத்து மட்டும் வைத்ததை மீட்கத் தெரியாமல் பட்டியலையே கிழித்து, மேலே பாட்டும் ஏற்றிவிட்டு, "வைரஸ் தின்னுடுச்சு" என்று சொன்னோம். தின்றது வைரஸ் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் அதில் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது சென்னையில் சி-டாக் உருவாக்கியது. அதைத் திறந்து பென் டிரைவைச் செருகினால் விண்டோஸ் வைரஸ் அங்கே ஓடவே ஓடாது. விண்டோஸ் மறைத்த கோப்புறைகளும் அப்படியே கண்ணுக்குத் தெரியும். அதாவது ஊருக்கெல்லாம் படத்தை மீட்டுத் தரக்கூடிய கருவி, மேல்நிலைப் பள்ளி முடித்த பிள்ளைகள் இருந்த வீடுகள் பலவற்றில் வந்து இறங்கியிருந்தது. அந்த மடிக்கணினிகள் பலவற்றுக்கு நடந்த முதல் காரியம், கடைக்குக் கொண்டுபோய் ஃபார்மேட் போட்டு லினக்ஸை எடுத்துவிட்டு விண்டோஸை மட்டும் போட்டுக்கொண்டதுதான். படம் பார்க்கவும் விளையாடவும் விண்டோஸே வசதி என்பது அந்த வயதுக்கு நியாயமான காரணம். நியாயமான காரணங்களால் நடக்கும் இழப்பு இப்படித்தான் ஓசையில்லாமல் நடக்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. விரைவு ஃபார்மேட் மேலோட்டமாகத் துடைக்கிறது, சரி. விரைவு என்ற பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போட்டால் எல்லாம் போகுமே என்று கேட்கலாம். போகும், ஆனால் எந்த விண்டோஸ் என்பதைப் பொறுத்து. எக்ஸ்பியில் முழு ஃபார்மேட் என்பது பட்டியலை அழித்துவிட்டு, மீதி இடம் பழுதில்லாமல் இருக்கிறதா என்று வாசித்துப் பார்ப்பதோடு நின்றது. எதையும் மேலே எழுதவில்லை. விஸ்டாவிலிருந்துதான் முழுவதும் பூஜ்யமாக எழுதத் தொடங்கியது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் ஆதரவை நிறுத்தும்வரை, ஏன் அதற்குப் பிறகும்கூட, நம் பக்கத்துக் கடைகளில் அதுதான் ஓடியது. விஸ்டாவுக்குப் பிந்தைய கணினியாகவே இருந்தாலும், அன்றைய மலிவான பென் டிரைவ் விநாடிக்கு 5 எம்பி எழுதினால் பெரிய விஷயம். 16 ஜிபியை முழுக்க எழுத ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். கடையில் யார் காத்திருப்பார்கள்? அதுவும் 2012இல், சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத தமிழ்நாட்டில்? அந்த மின்வெட்டுக்கு இந்தக் கதையில் வேறொரு பங்கும் உண்டு. பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அட்டவணை பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். மறுபடி செருகும்போது விண்டோஸுக்கு டிரைவின் தலையும் காலும் புரியாது. ஃபார்மேட் செய்யட்டுமா என்ற பெட்டி அப்போதுதான் வரும். இரண்டாவது பிரதி எதற்கென்று வைத்திருக்கிறார்களோ அந்த வேளை அது. பழுது பார்க்கும் கட்டளை அந்தப் பிரதியைக் கொண்டு சில நேரம் ஒப்பேற்றிவிடும். ஃபார்மேட் பொத்தான் இரண்டு பிரதிகளையும் ஒருசேரத் துடைத்துவிடும்.

இந்த நம்பிக்கையின் மறுபக்கத்தைப் பேசாவிட்டால் வாதம் பாதியில் நிற்கும். போனது என்று நினைத்தது போகவில்லை என்றால், போக்கிவிட்டோம் என்று நினைத்ததும் போகவில்லை. ஏலக்காய் வியாபாரிகளும் மற்ற வியாபாரிகளும் வருஷ முடிவில் டேலி கணக்கைப் பென் டிரைவில் போட்டு ஆடிட்டரிடம் கொடுப்பது ஊரறிந்த பழக்கம். வேலை முடிந்ததும் அதே டிரைவ் ஃபார்மேட் ஆகிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் பைக்குள் போகும். யாரிடம் என்ன விலைக்கு எவ்வளவு காய் வாங்கினோம், யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்தப் பையில் இருக்கிறது. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க நெட் சென்டரில் ஸ்கேன் செய்த மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், கையெழுத்து எல்லாம் சேர்ந்து ஒரு டிரைவில் கிடக்கும்; வேலை கிடைத்ததும் அது சொந்தக்காரப் பையன் கைக்குப் போகும். இது வீண் பயம் என்று தள்ளமுடியாதபடி பழைய சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் படித்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய பொருள் சந்தையில் 158 வன்தட்டுகளை வாங்கினார்கள். ஓடியவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை வெறும் 12. மீதியிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு தட்டு ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்தது. 2003இல் வெளியான அந்த ஆய்வில், விற்றவர்கள் பலர் ஃபார்மேட் போட்டுத்தான் விற்றிருந்தார்கள். வங்கியே இப்படி என்றால் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இழந்தவனின் அழுகையும் கொடுத்தவனின் நிம்மதியும் ஒரே தவறான நம்பிக்கையின் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். 

இன்று இதெல்லாம் எதற்கு, பாட்டு கைப்பேசியில் நேராக ஓடுகிறது, படம் கூகுளில் ஏறிவிடுகிறது என்பது மூன்றாவது மறுப்பு. 2016இல் ஜியோ வந்தபின் பாட்டு ஏற்றும் கடைகளின் தாள்கள் வெளுத்துப்போனது உண்மைதான். ஆனால் மேட்டுக்கு ஏறும் பாதையிலும் தோட்டங்களின் பள்ளங்களிலும் சிக்னல் போய்ப் போய் வரும். ஜீப் ஓட்டுநர்கள் பலர் இன்னும் பென் டிரைவை விடாததற்கு அதுவே காரணம். அதைவிட முக்கியமாக, புதிய பொருள்களில் அதே செயலின் விளைவு மறுபடியும் தலைகீழாகியிருக்கிறது. கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் ஃபார்மேட் போட்டால், இந்த அறைகள் இனி வேண்டாம் என்று விண்டோஸ் தட்டுக்கே செய்தி அனுப்புகிறது. தட்டு தன் ஓய்வு நேரத்தில் அவற்றை உண்மையாகவே துடைத்துவிடும். இன்றைய கைப்பேசிகளில் எல்லாமே பூட்டிய எழுத்தாக இருப்பதால், ரீசெட் செய்யும்போது சாவியை மட்டும் அழித்தால் போதும், மீதியை எவராலும் படிக்க முடியாது. ஃப்ளாப்பியில் முழுக்கப் போனது, பென் டிரைவில் ஆயிரத்தில் ஒரு பங்கு போனது, எஸ்எஸ்டியிலும் கைப்பேசியிலும் மறுபடி முழுக்கப் போகிறது. திரையில் வரும் சொல் ஒன்று, பொத்தான் ஒன்று. பின்னால் நடப்பது மூன்று விதம். பென் டிரைவில் ஒரு தடவை மீட்டுப் பழகியவர் அந்தத் தைரியத்தில் மடிக்கணினியை ஃபார்மேட் போட்டால் ஏமாந்துபோவார். ஃப்ளாப்பி காலத்துப் பயம் பென் டிரைவுக்குப் பொருந்தாததுபோல, பென் டிரைவ் காலத்துத் தைரியமும் இனிமேல் பொருந்தாது.

மீட்டுத்தான் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. தோட்டத்து லயன் வீட்டிலும் போடித் தெருவிலும் மங்கலாக எடுத்த இரண்டு மெகாபிக்சல் படத்துக்கு என்ன மதிப்பு? 1928இல் தொடங்கிய மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதை வேலைக்காக 2010ஆம் ஆண்டின் கடைசி நாளோடு மூடப்பட்டது. போடிக்கு ரயில் மறுபடி வந்தது 2023 ஜூனில். அந்தப் பன்னிரண்டரை ஆண்டும் பென் டிரைவும் மெமரி கார்டும் கொடிகட்டிப் பறந்த காலமும் கிட்டத்தட்ட ஒன்று. ரயிலில்லாத ஸ்டேஷன், பிடுங்கிப்போட்ட தண்டவாளம், விரிவாவதற்கு முந்தைய மேட்டுச்சாலை, கையால் தரம் பிரித்த கூடங்கள் இவற்றுக்கெல்லாம் ஸ்டூடியோக்காரர் வந்து படமெடுக்கவில்லை. யார் கைப்பேசியிலாவது பதிந்திருந்தால்தான் உண்டு. அந்தக் காலத்துக்கு முந்தையதற்கு அச்சிட்ட படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. பிந்தையது கூகுளில் கிடக்கிறது. நடுவில் இருப்பதுதான் இழுப்பறையில்.

அங்கேயும் அதிக நாள் இருக்காது. பென் டிரைவ் ஒவ்வொரு எழுத்தையும் சிறைப்பட்ட மின்னூட்டமாக வைத்திருக்கிறது. மின்சாரமே இல்லாமல் கிடந்தால் அது கொஞ்சங்கொஞ்சமாகக் கசியும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. பத்தாண்டு தாங்கும் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்குப்படி 2010ஐ ஒட்டி எழுதியவற்றுக்குக் கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது, ஆனாலும் பல டிரைவ்கள் இன்னும் படிக்கக் கிடைக்கின்றன. செருகி, அந்தப் பெட்டி வந்தால் ரத்து பொத்தானை அழுத்துவதும், டிரைவில் ஒரு எழுத்துகூட எழுதாமல் அதை அப்படியே முழுப் பிரதி எடுத்துக் கணினியில் வைப்பதும், பிறகு அந்தப் பிரதியின் மேல் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை ஓடவிடுவதும்தான் வேலை. பட்டியலை அது தேடுவதில்லை. ஒவ்வொரு அறையாகத் திறந்து, படம் தொடங்கும் அடையாளம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போகும். பேரேடு இல்லாமல் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதால் கோப்பின் பெயர் எதுவும் திரும்பாது. எஃப் என்ற எழுத்தும் அதன்பின் ஒரு நீண்ட எண்ணும்தான் ஒவ்வொரு படத்துக்கும் பெயர். படத்துக்குள்ளேயே பதிந்த தேதி சில நேரம் உதவும். தேதியைச் சரியாக வைக்காத மலிவுக் கைப்பேசியில் எடுத்திருந்தால் அதுவும் உதவாது. யார் யார் என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் அந்த வருஷம் வேலை பார்த்த ஒரு அத்தையோ பெரியம்மாவோ பக்கத்தில் உட்கார வேண்டும். மீட்டவற்றை ஐந்நூறு ஐந்நூறாகத் தனித்தனிக் கோப்புறையில் அந்த மென்பொருள் அடுக்கித் தரும். முதல் ஐந்நூறில் பாதிக்கு மேல் விஜயும் அஜித்தும் ரோஜாப்பூ வைத்த குட் மார்னிங்கும்தான் வரும். அத்தையை இரண்டாவது கோப்புறையிலிருந்து உட்காரச் சொன்னால் போதும்.